எண்ணெய் வற்றினால் நமக்கு வேலை எங்கே?



கதை, கவிதை, ஜோக்கு எல்லாம் எழுத நம் கல்லூரியில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு அதெல்லாம் வராது. "ஆண்டு மலருக்கு உபயோகமா ஏதாவது எழுதிக் குடுடா" என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். யோசித்துப் பார்த்தேன். மூன்று மாதமாக எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருக்கும் ஒரு சண்டையைப் பற்றியே எழுதிவிடலாம் என்று தோன்றியது. காரணம், இது என் வீட்டுச் சண்டை மட்டும் அல்ல. இறுதியாண்டு படிக்கும் பாதிப் பேர் வீட்டில் இந்த ஆண்டு இதே பேச்சுதான்.

சண்டை இதுதான்: டிப்ளமோ முடித்ததும் நான் எண்ணெய்க் கம்பெனி வேலைக்கு அரபு நாட்டுக்குப் போவதா, வேண்டாமா?

சண்டை வந்த கதை

எனக்கு ஊர் சந்தவாசல். ஆரணி முதலாளியிடம் பட்டும் ஜரிகையும் வாங்கி வந்து கூலிக்குச் சேலை நெய்கிற குடும்பம். அப்பா ஐந்தாவது வரை படித்தவர். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. தார் சுற்றிச் சுற்றியே அவர் விரல் காய்த்துப் போயிருக்கிறது. எங்கள் வகையறாவில் பத்தாவது தாண்டி முதலில் படிப்பவன் நான்தான். முதலாம் ஆண்டு ஃபீஸ் கட்ட இரண்டு தறியில் ஒன்றை விற்றார்கள். அந்தத் தறி இருந்த இடம் இப்போதும் காலியாகத்தான் இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் அதுதான் என் கண்ணுக்கு எதிரே இருக்கும்.

இப்படி இருக்கும்போது ஒரு ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார். "பையன் மெக்கானிக்கலா? ஆயில் ஃபீல்டுல ஆள் எடுக்கிறாங்க. ஒன்றரை லட்சம் ரெடி பண்ணுங்க, மூணு மாசத்துல விசா" என்றார். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. 'எண்ணெய்க் கம்பெனி' என்றாலே எங்கள் பக்கம் மாடி வீடு, தங்கச்சி கல்யாணம் என்று அர்த்தம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மீதி இருக்கிற ஒரு தறியை விலை கேட்க ஆள் வந்தபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது.

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. தறியை நம்பி அப்பா ஏமாந்தார். தறியை விற்று நான் நம்பப் போகிற எண்ணெயாவது நிற்குமா? நம் லைப்ரரியிலும் லெக்சரர்களிடமும் கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

எண்ணெய் ஒரு தொழில் அல்ல, மூன்று தொழில்

நாம் 'ஆயில் கம்பெனி' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது மூன்று வேறு வேறு தொழில்.

முதலாவது, பூமியைத் துளைத்துக் கச்சா எண்ணெய் எடுப்பது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் டைட்டஸ்வில் என்ற ஊரில் 1859-ல் டிரேக் என்பவர் சுமார் 21 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் கண்டார். நவீன எண்ணெய்த் தொழில் அங்கிருந்துதான் வேகம் பிடித்தது. நம் நாட்டில் அஸ்ஸாமில் உள்ள டிக்பாய் தான் மூத்த ஊர். அங்கே 1901-ல் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை இன்றும் ஓடுகிறது.

இரண்டாவது, சுத்திகரிப்பு. கச்சா எண்ணெயை உலையில் சுமார் 350 டிகிரிக்கு மேல் சூடாக்கி, உயரமான கோபுரத்துக்குள் விடுவார்கள். லேசான ஆவி மேலே ஏறும், கனமானது கீழே தங்கும். மேல் தட்டில் சமையல் கேஸும் பெட்ரோலுக்கான பகுதியும், நடுவில் மண்ணெண்ணெயும் விமான எரிபொருளும், அதற்குக் கீழே டீசலும், அடியில் ஃபர்னஸ் ஆயிலும் தாரும் பிரியும். கொதிநிலை வித்தியாசம் என்று நாம் முதலாம் ஆண்டு கெமிஸ்ட்ரியில் படித்தோமே, அதே சங்கதிதான். சென்னை மணலியில் 1969-ல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் அளவில் ஆரம்பித்த ஆலை இன்று 105 லட்சம் டன் திறன் உள்ளது. அன்றைக்கு அதன் பெயர் மெட்ராஸ் ரிஃபைனரீஸ்; இன்றைக்குச் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன்.

மூன்றாவது, விற்பனையும் வினியோகமும். குழாய்ப் பாதை, டேங்க், சிலிண்டர் நிரப்பும் ஆலை, நம் ஊர் பெட்ரோல் பங்க் வரை இதில் அடக்கம்.

இந்த மூன்றும் ஒரே மாதிரி வளரவும் இல்லை, ஒரே மாதிரி தேயவும் இல்லை. ஆகவே "எண்ணெய்த் தொழில் அழியுதாமே?" என்று யாராவது கேட்டால், "எந்தப் பகுதி?" என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

நிஜமாகவே வற்றுகிறதா?

பூமிக்குள் எண்ணெய் குளம் மாதிரி தேங்கி நிற்பதாக நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஸ்பாஞ்சில் தண்ணீர் நிற்பதுபோல, பாறையின் நுண்ணிய துளைகளுக்குள் இருக்கிறது. முதலில் துளை போட்டதும் உள்ளே இருக்கும் அழுத்தமே எண்ணெயை மேலே தள்ளும். பிறகு அழுத்தம் குறையும். பம்ப் வைக்க வேண்டும். அதன்பிறகு பக்கத்தில் வேறு துளை போட்டுத் தண்ணீரை உள்ளே செலுத்தித் தள்ள வேண்டும். இத்தனை செய்தாலும் பல வயல்களில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெயைத்தான் எடுக்க முடிகிறது. மீதி பாறையிலேயே தங்கிவிடும். எங்கள் பக்கம் போர்வெல் போடுகிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். வருடா வருடம் ஆழம் கூடும், தண்ணீர் குறையும், கரண்டு பில் ஏறும்.

நம் நாட்டின் பெரிய எண்ணெய் வயல் மும்பைக்கு மேற்கே அரபிக் கடலில் உள்ள 'மும்பை ஹை'. 1974-ல் கண்டுபிடித்தார்கள், 1976-ல் உற்பத்தி ஆரம்பம். ஒரு காலத்தில் நாளொன்றுக்கு 4 லட்சத்து 70 ஆயிரம் பீப்பாய் வரை வந்தது. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். 2025 ஜனவரியில் அந்த உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. உற்பத்தியைத் தூக்கி நிறுத்த அந்த மாதம்தான் ஓ.என்.ஜி.சி. நிறுவனம் பி.பி. என்ற வெளிநாட்டுக் கம்பெனியைத் தொழில்நுட்ப உதவிக்குத் தேர்ந்தெடுத்தது. நாடு முழுவதும் 2011-12-ல் சுமார் 3.8 கோடி டன் கச்சா எண்ணெய் எடுத்தோம். 2023-24-ல் சுமார் 2.9 கோடி டன் தான்.

நம் தமிழ்நாட்டில் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. காவிரிப் படுகையில் எண்ணெயும் எரிவாயுவும் உண்டு. ஆனால் அது நெல் விளையும் மண். 2017-ல் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் பல நாட்கள் போராடினார்கள். அதே ஆண்டு ஜூன் 30-ம் தேதி தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து எண்ணெய் வயலில் பரவியது, அங்கேயும் போராட்டம். 2020 பிப்ரவரியில் தமிழக அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் கொண்டுவந்தது. பழைய கிணறுகள் ஓடலாம், புதிய ஹைட்ரோகார்பன் கிணறு தோண்டக்கூடாது என்பது அதன் சாரம். விவசாயி பக்கம் நின்று பார்த்தால் அது நியாயம். வேலை தேடுகிற நம் பக்கம் நின்று பார்த்தால், துளைபோடும் வேலை நம் மாநிலத்தில் பெருகாது என்று அதற்குப் பொருள். இரண்டும் உண்மை.

இதோடு நிறுத்திவிட்டால் நான் பாதிப் பொய் சொன்னவன் ஆவேன். எடுப்பது குறைகிறதே தவிர, எரிப்பது நம் நாட்டில் குறையவில்லை. 2023-24-ல் இந்தியா 23 கோடி டன்னுக்கு மேல் பெட்ரோலியப் பொருட்களைச் செலவு செய்தது. நாம் சுத்திகரிக்கும் நூறு லிட்டர் கச்சா எண்ணெயில் 85 லிட்டருக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2030 வரை உலகத்திலேயே அதிகமாகத் தேவை கூடப்போகும் நாடு இந்தியாதான் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2024-ல் சொல்லியிருக்கிறது. நாகப்பட்டினம் பக்கத்தில் 1993 முதல் இயங்கிய சிறிய ஆலையை நிறுத்திவிட்டு, ஆண்டுக்கு 90 லட்சம் டன் திறனுள்ள புதிய ஆலைக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள்.

ஆக, நம் நாட்டைப் பொறுத்தவரை துளைபோடும் பகுதி தேய்கிறது. சுத்திகரிக்கும் பகுதி இன்னும் சில காலம் நிற்கும். ஆனால் நமக்கு வயது பதினெட்டு. அறுபது வயதில் ரிட்டையர் ஆவோம் என்றால் இன்னும் நாற்பத்திரண்டு வருடம் வேலை பார்க்க வேண்டும். 'சில காலம்' நமக்குப் போதாதே!

ஏனென்றால் எரிப்பதும் மாறத் தொடங்கிவிட்டது. 2024-ல் உலகத்தில் விற்ற கார்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் மின்சாரக் கார். இந்தியாவில் 2024-25-ல் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்சார டூவீலர்கள் விற்றன. மொத்த டூவீலரில் இது நூற்றுக்கு ஆறு அளவுதான். ஆனால் பத்து வருடம் முன்பு இது கணக்கிலேயே வராத எண்ணிக்கை.

விலை விழுந்தால் ஆள் விழுவான்

வற்றுவது மெதுவாக நடக்கும். ஆனால் எண்ணெயில் திடீரென்று நடப்பது ஒன்று உண்டு. அது விலை.

2008 ஜூலையில் ஒரு பீப்பாய் 147 டாலர் வரை போனது. அதே ஆண்டு டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே. 2014 நடுவில் 110 டாலருக்கு மேல். 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே. கொரோனா சமயத்தில், 2020 ஏப்ரல் 20-ம் தேதி அமெரிக்கச் சந்தையில் விலை பூஜ்யத்துக்கும் கீழே போய் மைனஸ் 37 டாலரைத் தாண்டியது. அதாவது, "எண்ணெயையும் எடுத்துக்கோ, மேல காசும் வாங்கிக்கோ" என்று விற்பவன் கெஞ்சிய நாள் அது! வாங்கி வைக்க டேங்கில் இடமில்லை. 2022 மார்ச்சில் உக்ரைன் போர் வந்ததும் மறுபடி 120 டாலருக்கு மேல்.

விலை விழுந்தால் கம்பெனி முதலில் நிறுத்துவது புதுத் திட்டங்களை. திட்டம் நின்றால் முதலில் வீட்டுக்குப் போவது காண்ட்ராக்ட் ஆள். அந்தக் காண்ட்ராக்ட் ஆள் யார் தெரியுமா? நாம்தான்.

என் பெரியப்பா மகன் ஐ.டி.ஐ. முடித்து 2014-ல் பைப் ஃபிட்டராக அரபு நாட்டுக்குப் போனார். போகும்போது வட்டிக்கு வாங்கியது 90 ஆயிரம். முதல் ஒன்றரை வருடம் பணம் ஒழுங்காக வந்தது; பெரியம்மா வீட்டுக்கு டைல்ஸ் போட்டார்கள். பிறகு சம்பளம் நின்றது. இன்று வரும், நாளை வரும் என்று கேம்ப்பிலேயே உட்கார வைத்தார்கள். 2016-ல் சவூதியில் வேலையும் சம்பளமும் இல்லாமல் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் தவித்தபோது, ஜெட்டாவில் உள்ள நம் துணைத் தூதரகமே அவர்களுக்கு உணவு கொடுக்க வேண்டி வந்தது. அந்த வருடம்தான் அண்ணனும் ஏழு மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுத் திரும்பினார். நான் அப்போது நாலாவது படித்தேன். அவர் கொண்டுவந்த பெட்டியைத் திறந்தால் சாக்லேட் இருக்கும் என்று ஓடிப் போய்ப் பார்த்தேன். ஒரு பழைய பைப் ரெஞ்சும் இரண்டு சட்டையும் இருந்தன.

அந்த ரெஞ்ச் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வெளிநாட்டுப் பிள்ளைகளும் யோசிக்கிறார்கள்

யோசிப்பது நாம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் பெட்ரோலியம் இன்ஜினியரிங் படிப்பில் சேரும் மாணவர் எண்ணிக்கை 2014-க்குப் பிறகு சுமார் 75 சதவீதம் குறைந்துவிட்டதாக டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் கணக்கு சொல்கிறது. டெக்சாஸ் எண்ணெய்க்குப் பெயர் போன மாநிலம் என்பதைக் கவனியுங்கள். கனடாவின் எண்ணெய்த் தலைநகரம் போன்ற கால்கரி நகரத்துப் பல்கலைக்கழகம் 2021-ல் எண்ணெய்–எரிவாயு இன்ஜினியரிங் பட்டப்படிப்புக்குப் புதிய சேர்க்கையை நிறுத்தி வைத்தது. ஸ்காட்லாந்தில் 1924-ல் தொடங்கிய கிரேஞ்ச்மவுத் சுத்திகரிப்பு ஆலை 2025 ஏப்ரலில் சுத்திகரிப்பை நிறுத்தியது. நூறு வருட ஆலை! தாத்தா, அப்பா, மகன் என்று வேலை பார்த்த குடும்பங்கள் அங்கேயும் இருந்திருக்கும். எங்கள் தறி மாதிரிதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. டென்மார்க்கில் ஒரு கம்பெனியின் பெயரே 'டேனிஷ் ஆயில் அண்ட் நேச்சுரல் கேஸ்'. எண்ணெய்ப் பகுதியை விற்றுவிட்டு, கடலில் காற்றாலை நிறுத்தும் தொழிலில் முழுதாக இறங்கி, 2017-ல் ஆர்ஸ்டெட் என்று பெயரையும் மாற்றிக்கொண்டது. கடலுக்கு நடுவே இரும்பு மேடை நிறுத்துவது எண்ணெய்க்காரர்கள் பழகிய வேலை. மேடைக்கு மேல் எண்ணெய்க் கிணறு இருந்தால் என்ன, காற்றாடி இருந்தால் என்ன?

இந்த இடத்தில்தான் என் மண்டைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. அதை எரிய வைத்தது புத்தகம் அல்ல. எங்கள் வீட்டுத் தறிதான்.

தறியடியில் கற்றது

1987-88-ல் எடுத்த கணக்கெடுப்பில் இந்தியாவில் கைத்தறித் தொழிலில் இருந்தவர்கள் 67 லட்சம் பேர். 2009-10-ல் 43 லட்சம். 2019-20-ல் 35 லட்சம். முப்பத்திரண்டு வருடத்தில் ஏறக்குறையப் பாதி. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-லேயே சட்டமும் இருக்கிறது. இருந்தும் விசைத்தறிச் சேலை கடையில் தொங்குகிறது.

ஒரு நாள் ராத்திரி அப்பாவிடம் கேட்டேன்: "நம்ம தெருவுல எத்தினியோ பேர் தறிய வுட்டுட்டாங்க. ஆனா பாவு பிணைக்கிறவருக்கு மட்டும் இன்னைக்கும் வேலை இருக்குதே, எப்படிப்பா?"

அப்பா சிரித்தார். "அவன் ஒரு தறிய நம்பலடா. எல்லாத் தறிக்கும் அவன் வேணும். டிசைன் மாறும், ஜரிகை மாறும், முதலாளி மாறுவான். முடிச்சு மாறுமா?"

பட்டணத்து நண்பர்களுக்காக இதை விளக்குகிறேன். சேலைக்கு நீளவாட்டில் ஓடும் நூலுக்குப் பாவு என்று பெயர். ஒரு பாவு தீர்ந்ததும் அதை உருவி எறிந்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க மாட்டார்கள். பழைய பாவின் நுனிகள் அச்சில் கோத்தபடியே இருக்கும். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையின் நுனியோடு, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்ப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. ஒன்று விட்டுப் போனாலும் சேலையில் கோடு விழும். சேர்த்து முடித்ததும் மெதுவாக இழுத்தால் புதுப் பாவு அச்சுக்குள் வந்துவிடும். நெசவு தொடரும்.

நம் படிப்பும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய தொழிலை நம்பி அதோடு முடிந்து போகவும் கூடாது, அதைத் தூக்கி எறிந்துவிட்டு வெறுங்கையோடு புதுத் தொழிலுக்கு ஓடவும் கூடாது. எந்த இழையை எதோடு சேர்ப்பது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்த வேலை எங்கே போகும்?

ஒரு சுத்திகரிப்பு ஆலைக்குள் நம் டிப்ளமோ ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று வகை பிரித்துப் பார்த்தேன்.

பம்பும் கம்ப்ரஸரும்: சுழலும் இயந்திரங்களைப் பராமரிப்பது. பேரிங் மாற்றுவது, ஷாஃப்டை நேர்ப்படுத்துவது, அதிர்வு பார்ப்பது. இது தெரிந்தவனுக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளிலும் வேலை உண்டு. அங்கே முழுக்க முழுக்க உயர் அழுத்தப் பம்புதான். சர்க்கரை ஆலை, அனல்மின் நிலையம், மருந்துக் கம்பெனி எதிலும் பம்ப் இல்லாமல் ஒரு நாள் ஓடாது.

குழாயும் வெல்டிங்கும்: கேஸ் குழாய், குடிநீர்த் திட்டம், பால் பண்ணை, கப்பல் கட்டும் தளம்.

இன்ஸ்ட்ருமென்டேஷன்: அழுத்தம், வெப்பம், ஓட்டம் அளந்து வால்வைக் கட்டுப்படுத்துவது. பி.எல்.சி. தெரிந்த பிள்ளைக்கு எந்த ஆலையும் சொந்த வீடு மாதிரி. சோலார் தகடு செய்யும் ஆலைகள் நம் மாநிலத்தில் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் திருநெல்வேலி கங்கைகொண்டானிலும் வந்துவிட்டன.

எலெக்ட்ரிகல்: மோட்டார், பேனல், டிரான்ஸ்ஃபார்மர். மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் இருக்கின்றன. எங்கள் ஊருக்குப் பக்கத்து மாவட்டமான ராணிப்பேட்டையிலும் 2021-ல் ஒன்று வந்தது.

பாதுகாப்பு: எரியும் பொருளோடு வேலை செய்யும்போது பர்மிட் இல்லாமல் ஒரு நட்டைக்கூடத் திருகக்கூடாது என்ற பழக்கம். இதற்கு எல்லா இடத்திலும் மதிப்பு உண்டு.

எண்ணெய்க்கு மட்டுமே உரிய வேலைகளும் உண்டு. துளைபோடும் ரிக்கில் குழாய் மாட்டுவது, கிணற்றுச் சேறு கலக்குவது போன்றவை. அதில் சம்பளம் அதிகம். ஆனால் ரிக் நின்றால் அந்த அனுபவத்தை வேறு இடத்தில் விற்பது கஷ்டம். ஏஜென்ட் எனக்குச் சொன்னது எந்த வேலை தெரியுமா? ரிக் ஹெல்பர்!

இப்போது அண்ணனின் ரெஞ்சுக்கு வருகிறேன். ஊர் திரும்பி ஒரு வருடம் சும்மா இருந்த அண்ணன், பிறகு ஒரு பால் பதனிடும் ஆலையில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறார். "எண்ணெய் வேலை வேற, பால் வேலை வேற இல்லியாண்ணா?" என்று கேட்டேன்.

"டேய் தம்பி, பைப்புல எண்ணெய் ஓடினா இன்னா, பால் ஓடினா இன்னா? லீக் ஆவக்கூடாது, அவ்ளோதான்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஆனா ஒண்ணுடா. அங்க நான் ஒட்டுனது கார்பன் ஸ்டீல். இங்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஆர்கான் வெல்டிங் பண்ணணும், உள்பக்கம் மழமழன்னு இருக்கணும், இல்லன்னா பால் தங்கிக் கெட்டுப்பூடும். ரெண்டு மாசம் சம்பளம் இல்லாம உக்காந்து கத்துக்கிட்டேன்."

கவனியுங்கள் நண்பர்களே! கைப்பழக்கம் முக்கால் தூரம் கூட வந்தது. கால் தூரத்தை அவர் புதிதாக நடக்க வேண்டியிருந்தது. அந்தக் கால் தூரத்தை நடக்கத் தயாராக இல்லாதவனுக்குத்தான் ஒரு தொழில் அழிந்தால் வாழ்க்கையும் அழிகிறது.

ஏஜென்ட் வந்தால் கேட்க வேண்டியவை

வெளிநாடு போவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. போய் நன்றாக இருப்பவர்களும் நம் ஊரில் உண்டு. போவதாக இருந்தால் இவற்றைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஒன்று, ஏஜென்ட் மத்திய வெளியுறவுத் துறையில் பதிவு செய்தவரா? பதிவு எண் இருக்கும், அதைச் சரிபார்க்கலாம். சந்தேகம் இருந்தால் சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது.

இரண்டு, எவ்வளவு பணம்? பதிவு பெற்ற ஏஜென்ட் தன் சேவைக்காக வாங்கக்கூடிய உச்சவரம்பு 30 ஆயிரம் ரூபாயும் அதற்கான வரியும்தான். ரசீதும் தர வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்தவர் கேட்டது ஒன்றரை லட்சம். ரசீது பற்றி நான் கேட்டதும் டீயைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்துவிட்டார்.

மூன்று, ஒப்பந்தத்தில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறது? 'டெக்னீஷியன்' என்று வாயால் சொல்லி 'ஹெல்பர்' என்று தாளில் எழுதுவது சகஜம். கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். படிக்கத்தானே நம்மை அனுப்பினார்கள்?

நான்கு, அந்த வேலையில் கற்பதை ஊர் திரும்பினால் எங்கே பயன்படுத்தலாம்? இதற்குப் பதில் தெரியாவிட்டால் போகாதீர்கள்.

தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று உண்டு. அதில் பதிவு செய்வதில் நஷ்டம் ஏதும் இல்லை.

என் முடிவு

தறி விற்கவில்லை. ஏஜென்டுக்குப் பணம் கொடுக்கவில்லை. அம்மா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. "ஊர்ல இருக்கிற புள்ளைங்க எல்லாம் போவுது, நீ மட்டும் கணக்கு பேசறியே கண்ணு" என்பதுதான் அவர் குறை. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. வீட்டுக் கடன் அவர் கண்ணில்தான் தினமும் படுகிறது.

டிப்ளமோ முடித்தவர்களுக்கு 1961-ம் ஆண்டுச் சட்டப்படி ஒரு வருடத் தொழிற்பழகுநர் பயிற்சி உண்டு, உதவித்தொகையோடு. தென்மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கப் போகிறேன். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் இடம் கிடைத்தால்? கட்டாயம் போவேன்! சிரிக்காதீர்கள். பம்பும் கம்ப்ரஸரும் கற்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது? ஆனால் எண்ணெயைக் கல்யாணம் கட்டிக்கொள்ள மாட்டேன். அங்கே இருக்கும்போதே அடுத்த பாவின் இழையைத் தேடிக்கொண்டிருப்பேன். சாயங்காலம் பி.எல்.சி. படிக்க வேண்டும். பின்னால் முடிந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வேண்டும். இதெல்லாம் நடக்குமா என்று தெரியாது. ஒரு வருட உதவித்தொகையில் கடன் அடையாது என்பது மட்டும் தெரியும்.

அப்பாவிடம் இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். பாதி புரிந்திருக்கும். எழுந்து போய்த் தறிக்குழியில் இறங்கிக்கொண்டே, "சரி, அறுந்தா முடிச்சு போடத் தெரியுமில்ல? அது போதும்" என்றார்.

தெரியும் என்று சொன்னேன். நீங்களும் தைரியமாக அப்படிச் சொல்லும்படி, மீதி இருக்கும் செமஸ்டரில் லேத்தையும் வெல்டிங் டார்ச்சையும் வைவாவுக்காக மட்டும் தொடாமல் கொஞ்சம் நிஜமாகவே தொட்டுப் பழகுவோம்.



– மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன், சந்தவாசல்